ராபர்ட் ஸ்மித்தின் ஆற்றுத் தடுப்பு: 1:48 அளவில் செய்து பார்த்தது

ராபர்ட் ஸ்மித்தின் வேலைகளில் ஒன்றைச் சிறிதாக்கிச் செய்ய வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. ஸ்காட்லாந்தின் டால்கீத்தில் 1722-இல் பிறந்து, பிலடெல்ஃபியாவுக்குப் போய்ப் பெரிய தச்சு ஆசானாக ஆனவர். கிறைஸ்ட் சர்ச்சின் கோபுரம் (1754), பிரின்ஸ்டனின் நசாவ் ஹால் (1756), அப்புறம் 1774 செப்டம்பரில் முதல் காண்டினென்டல் காங்கிரஸ் (அமெரிக்கக் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் சபை) கூடிய கார்ப்பென்டர்ஸ் ஹால் எல்லாம் அவர் கைவண்ணம். அந்தக் காலத்தில் தச்சு ஆசான் என்றால் வரைபடம், கணக்கு, மரம் வாங்குவது, ஆள் வைத்து முடித்துக் கொடுப்பது எல்லாமே அவர் பொறுப்புதான்.

மாதிரி செய்பவர்கள் வழக்கமாக கார்ப்பென்டர்ஸ் ஹாலைத்தான் எடுப்பார்கள். ஆனால் அது செங்கல் கட்டடம். தச்சு வேலையெல்லாம் கூரைக்குள் ஒளிந்துவிடும். நான் அவருடைய கடைசிக் கால வேலையை எடுத்தேன். அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ் கப்பல்கள் டெலவேர் ஆற்றில் ஏறிப் பிலடெல்ஃபியாவுக்கு வராமல் தடுக்க, ஆற்றடியில் இறக்கிவைத்த இரும்புமுனைத் தடுப்பு. 1775-இல் பென்சில்வேனியா பாதுகாப்புக் குழுவிடம் இதன் சிறு மாதிரி ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டித்தான் ஒப்புதல் வாங்கினார் ஸ்மித். அவரே மாதிரி செய்துதான் காட்டினார் என்பதால் எனக்கும் கொஞ்சம் தெம்பு.

அமைப்பு எளிது. கனத்த ஹெம்லாக் கட்டைகளை அடுக்கி, சுமார் 30 அடிச் சதுரத்தில் ஒரு பெட்டி. அடியில் பைன் பலகை. உள்ளே 20 முதல் 40 டன் வரை கல். பெட்டியிலிருந்து சாய்வாக மேலெழும் நீண்ட கட்டைகள், நுனியில் இரும்பு; இவைதான் முட்கள். கடலிலிருந்து ஏறி வரும் கப்பலின் அடியைக் குத்திக் கிழிக்கும்படி, முனைகள் கடல் பக்கம் பார்த்திருக்கும்.

1:48-இல் பெட்டி 19 செ.மீ. சதுரம் வந்தது. எடை நீளத்தின் கன விகிதத்தில் குறைவதால் 20 டன் கல் என்பது இங்கே வெறும் 184 கிராம். 40 டன் என்றால் 370-ஐத் தொடாது. முதலில் இதை நம்பவே முடியவில்லை. மறுபடி கணக்குப் போட்டேன், சரிதான்.

ஆறு மி.மீ. சதுரத்தில் பைன் குச்சிகளை இழைத்து, மூலைகளில் பாதிப் பாதி வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்தேன். பசை தொடவில்லை, மர ஆணிதான். இந்த மூலைகளில் சொல்ல ஒன்றும் இல்லை. கூரான உளியும் பொறுமையும் இருந்தால் போதும்.

விஷயம் முள்கட்டையின் அடியில்தான் இருக்கிறது. கப்பல் நுனியில் மோதினால் அந்த உந்தல் கட்டை வழியாகவே கீழே இறங்கிப் பெட்டியின் பின்பக்கக் கட்டையைத் தள்ளும். கூரையில் சாய்மரத்தின் அடி, குறுக்கு உத்தரத்தின் முனையைத் தள்ளுவதும் இதே மாதிரிதான். கோபுரமும் அகலக் கூரைகளும் ஏற்றிய மனிதருக்கு இது பழகிய சங்கதியாகத்தான் இருந்திருக்கும்: ஓட்டின் பாரத்துக்குப் பதில் ஒரு போர்க்கப்பல். அதனால் நானும் கூரைப் பொருத்தையே போட்டேன். பின்கட்டையில் சாய்வாக ஒரு பள்ளம், அதில் முள்ளின் அடியில் விட்ட நாக்கு. முன்சுவரின் மேல் ஒரு தாங்கல். நாக்கு இல்லாமல் வெறும் பள்ளத்தில் உட்காரவைத்துப் பார்த்தால் பக்கவாட்டில் தட்டினதும் நழுவுகிறது.

தண்ணீரில் வைத்தபோதுதான் சுவாரஸ்யம். காலிப் பெட்டி மிதக்கிறது. ஆனால் முட்களும், ஆணியை ராவி மாட்டிய முனைகளும் முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் மூக்கைக் குத்திக்கொண்டு மிதக்கிறது. கல்லை நடுவில் கொட்டினால் முன்பக்கம் முதலில் போய் இடிக்கிறது. முதல் கற்களைப் பின்பக்கம் போட்டால் மட்டமாக இறங்குகிறது. தரைதட்டியதும் மீதிக் கல்லை முன்பக்கம் போடலாம். அங்கே இருக்கும் கனம்தான் மோதலில் பெட்டி பின்னால் கவிழாமல் பிடிக்கிறது. என் பெட்டி இருநூறு கிராம் கல்லுக்குள்ளேயே மூழ்கிவிட்டது, மரம் காய்ந்திருந்தும்.

வழவழப்பான தொட்டித் தரையில், ஒரு மரப்படகை முனைமேல் தள்ளினால் முழுத் தடுப்பும் பின்னால் சறுக்கிப் போய்விடுகிறது. மூன்று விரல் உயரத்துக்கு மணல் பரப்பியதும் அடிக்கட்டை மணலைக் கடித்து நின்றுவிட்டது. முள்ளை ரொம்பப் படுக்கவைத்தால் படகு மேலேறித் தாண்டுகிறது. ரொம்ப நிமிர்த்தினால் பெட்டி கவிழப் பார்க்கிறது. நாற்பத்தைந்து டிகிரிக்குச் சற்றுக் குறைவாக வைத்ததில் திருப்தி.

ஸ்மித் 1777 பிப்ரவரியில் இறந்தார். ஆற்றங்கரை பில்லிங்ஸ்போர்ட்டில் கோட்டை கட்டும் வேலைகள் அப்போதும் நடந்துகொண்டிருந்தன. அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில் பிரிட்டிஷ் கப்பல்படை வந்தபோது, தடுப்புகளும் கரையிலும் ஆற்றுத் தீவிலும் இருந்த கோட்டைகளும் சேர்ந்து அதை வாரக்கணக்கில் நிறுத்திவைத்தன. நவம்பர் நடுவில் மிஃப்லின் கோட்டை விழுந்த பிறகுதான் வழி திறந்தது. பீரங்கி காவல் இல்லாவிட்டால் நிதானமாக வந்து பிடுங்கி எறிந்துவிடலாம் என்பதால், தடுப்பை மட்டும் தனியாகப் புகழ்வதில் எனக்கு உடன்பாடில்லை.

அடுத்து இன்னும் இரண்டு பெட்டிகள் செய்து சங்கிலியால் கோத்து வரிசையாக இறக்கப்போகிறேன். அமெரிக்கர் பக்கத்துக் கப்பல்கள் போக நிஜ வரிசையில் ஒரு ரகசிய இடைவெளி விட்டிருந்தார்கள், வழிகாட்டும் மாலுமிகளுக்கு மட்டும் தெரிந்தது. அதையும் விட்டு, படகை அதன் வழியாக நூல் கட்டி இழுத்துப் பார்க்க வேண்டும்.