மருந்து கேட்குமா என்று ஸ்கேன் சொல்லுமா?

தம்பிக்கு ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய். ரிஸ்பெரிடோன் மருந்து கேட்கவில்லை, அடுத்து வந்த ஓலன்சபினும் கேட்கவில்லை. எந்த மருந்து ஒத்துவரும் என்று மூளை ஸ்கேனில் தெரிந்துவிடும் என்று ஒரு தனியார் மையத்தில் அடித்துச் சொன்னார்கள். நம்பிப் பணம் கட்டினோம்.

காதில் குரல் கேட்கிற பிள்ளையை அந்தக் குழாய்க்குள் படுக்கவைப்பது எவ்வளவு கஷ்டம்! இயந்திரச் சத்தத்தில் மிரண்டு தலையை அசைத்துக்கொண்டே இருந்தான். ஸ்கேன் எடுப்பவர் அதட்டியதை இப்போது நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது. போகிறவர்கள் அந்தச் சத்தத்தை முன்னாடியே போனில் போட்டுக் காட்டிப் பழக்குங்கள்.

ரிப்போர்ட்டில் வந்தது 'மூளையில் கோளாறு எதுவும் இல்லை' என்ற ஒரு வரிதான். கட்டி, ரத்தக்கசிவு போன்றவை இல்லை என்று காட்டும் சாதாரண எம்.ஆர்.ஐ. அது. மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எங்கள் டாக்டர்தான் பொறுமையாக விளக்கினார். மூளையில் ரசாயனங்கள் வேலை செய்வதைக் காட்டும் பெட் (PET) ஸ்கேன் ஆய்வுகளில், மருந்து கேட்பவர்களுக்கு மூளையின் ஸ்ட்ரயேட்டம் பகுதியில் டோபமின் என்ற, நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் ரசாயனத்தின் உற்பத்தி கூடுதலாகத் தெரிகிறதாம். கேட்காதவர்களுக்கு அது நோய் இல்லாதவர்களைப் போலவே இருக்கிறதாம். வழக்கமான மருந்துகள் டோபமினைத்தானே தடுக்கின்றன, அதனால் இவர்களிடம் எடுபடாமல் போகலாம். ஆனால் இதெல்லாம் கூட்டத்தின் சராசரி. தனி ஒருவரின் படத்தை வைத்து மருந்தை முடிவு செய்யும் நிலை இன்னும் வரவில்லை.

அவர் கேட்டது பழைய மருந்துச் சீட்டுகளை. இரண்டு மருந்துகளைப் போதிய அளவில், ஒவ்வொன்றையும் குறைந்தது 6 வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டும் பலனில்லை என்று தெரிந்தால்தான் குளோசபின் என்ற மருந்துக்குப் போவார்களாம். முதலில் பார்த்த மருத்துவமனையிலோ, ஃபைல் குடோனில் கிடக்கிறது, அப்புறம் வாருங்கள் என்று திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார் அந்தக் கிளார்க். கடைசியில், 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளிக்குத் தன் மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமை தருகிறது என்று குறிப்பிட்டு, தம்பி கையெழுத்துப் போட்ட மனுவைக் கொடுத்தேன். அன்று மாலையே நகல் கைக்கு வந்தது!

இப்போது குளோசபின் ஓடுகிறது. இரவில் தூங்குகிறான், என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான். வெள்ளை அணுக்கள் குறைகின்றனவா என்று பார்க்க முதல் 18 வாரமும் வாராவாரம் ரத்தப் பரிசோதனை, அதைத் தவறவிடாதீர்கள். மலச்சிக்கல் வந்தால் சின்ன விஷயம்தானே என்று விடாமல் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். இந்த மருந்தில் அது ஆபத்தாகவும் முடியலாம்.