புளியமரத்தடியில் கேட்ட சம்பா

ரியோ டி ஜனேரோவிலிருந்து திரும்பி மூன்று நாள்கள் ஆகின்றன. இன்னமும் என் காதில் ஒலித்துக்கொண்டிருப்பது, கார்னிவல் திருவிழாவில் பிரேசிலின் சம்பா இசை நடனக் குழுக்கள் போட்டியிடும் சம்போட்ரோம் அரங்கின் பெரிய அணிவகுப்பு அல்ல. நகரின் வடபகுதியில், ஒலாரியா பேட்டையில், ஒரு புளியமரத்தடியில் கேட்ட கைத்தாளம். அணிவகுப்பின் நுழைவுச்சீட்டு விலை என் பயணக் கணக்கையே கவிழ்த்துவிடும் போலிருந்ததால், கார்னிவலுக்கு முந்தைய ஞாயிறன்று சென்ட்ரல் நிலையத்தில் சாராகுருனா தடத்து ரயிலில் ஏறினேன். இந்தப் பயணத்தில் நான் எடுத்த மிக நல்ல முடிவு அதுதான்.

அந்தப் புளியமரம் நிற்கும் முற்றம், கார்னிவலில் தெருவில் ஆடிப்பாடி வரும் கசீக்கி டி ராமோஸ் என்னும் குழுவினுடையது. கசீக்கி என்றால் பழங்குடித் தலைவன். 1961 ஜனவரி 20 அன்று, நகரின் காவல் புனிதரான செபஸ்தியாரின் திருநாளில், பக்கத்துப் பேட்டையான ராமோஸின் இளைஞர்கள் இதைத் தொடங்கினார்கள். அன்று முதல் 2025-இல் மறையும் வரை பீரா என்பவரே தலைவராக இருந்ததால், 'தலைவர் பீரா' என்பதே அவர் பெயராக நிலைத்துவிட்டது. புளியமரத்தை இவர்கள் தெய்வமாகவே மதிக்கிறார்கள். போர்ச்சுகீசியர் புளிக்கு வைத்திருக்கும் 'தமரிண்டோ' என்ற பெயர், இந்தியப் பேரீச்சை என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. ஒரு முதியவர் உள்ளே நுழைந்ததும் அடிமரத்தில் உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் தலைகுனிந்து நின்றதைப் பார்த்தபோது, நம் ஊர்க் கோயில் வாசலில் நிற்பது போலவே எனக்குத் தோன்றியது.

1970களில் புதன்கிழமைதோறும் பந்தாட்டம் முடிந்து இங்கே பாடியவர்களிடமிருந்து பிறந்ததுதான் ஃபுண்டோ டி கிண்டால் என்னும் சம்பா இசைக்குழு. பெயரின் பொருளே கொல்லைப்புறம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாடுவதற்குப் பெரிய சுர்டோ முரசு ஒத்துவராததால், குழுவின் செரேனோ கையால் தட்டும் தன்தன் முரசைக் கொண்டுவந்தார்; தாள வாத்தியங்களுக்கிடையே கவாக்கின்யோ என்னும் நான்கு தந்திச் சிறு கிட்டாரின் மெல்லிய ஒலி அமுங்கிப்போனதால், குழுவின் அல்மீர் கினேத்தோ அதன் கழுத்தை, தோல் போர்த்திய தந்தி வாத்தியமான பாஞ்சோவின் உடலில் பொருத்தினார். பீராவின் தம்பி உபிரானி உருவாக்கிய கைமுரசை நான் ஒரு முழ தூரத்திலிருந்து பார்த்தேன்: வாசித்தவரின் வலக்கை தோலில் அதிர, இடக்கை விரல்கள் உலோகப் பக்கத்தில் விட்டுவிட்டுத் தட்டின, அந்தச் சிறு ஓசைதான் அத்தனை பேரின் கால்களையும் ஆட்டிவைத்தது. புகழ்பெற்ற பாடகி பெத் கர்வாலியோ இங்கே வந்து கேட்டு வியந்து, 1978-இல் இவர்களைத் தம் இசைத்தட்டில் வாசிக்க வைத்த பிறகே நாடு இந்த ஓசையை அறிந்தது.

அங்கே ஃபெய்ஜோவாடாவும் சாப்பிட்டேன். பன்றி இறைச்சியோடு குழைய வெந்த கருப்புப் பயறு, சோறு, வதக்கிய கீரை, வறுத்த மரவள்ளி மாவு, கொழுப்பின் திகட்டலை முறிக்க ஓர் ஆரஞ்சுத் துண்டு. கொடுத்த காசுக்கு இரண்டு வேளைச் சாப்பாடு அது.

மிச்சம் பிடித்ததையெல்லாம் திரும்பும் வழியில் ஒரு டாக்சி ஓட்டுநர் பறித்துக்கொண்டார். இரவிலும் ஞாயிறிலும் மீட்டரில் கூடுதல் கட்டணமான 2-ஆம் எண் ஓடுவது முறைதான். அவரோ மீட்டரைப் போடாமலேயே நகர மையத்தின் லாப்பா பேட்டைக்கு, பிரேசில் நாணயத்தில் 120 ரெயால் கேட்டு, பாதி வழியில் இறக்கிவிடுவதாக மிரட்டி வாங்கினார். ஏறக்குறைய 2000 ரூபாய்! அது பச்சைக் கொள்ளை. மீட்டர் போடாத வண்டியில் ஏறவே ஏறாதீர்கள்.

கார்னிவல் செவ்வாயன்று நகரின் மையத்தில் அதே குழு தெருவில் இறங்கியது. போட்டியும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை, நுழைவுச்சீட்டும் இல்லை. கருப்பு, வெள்ளை, சிவப்பு உடையில், நெற்றியில் இறகுப் பட்டையுடன் பாட்டிகளும் பேரன்களும் ஒரே வரிசையில் ஆடி வந்தார்கள். முற்றத்தில் என் தட்டில் இன்னொரு கரண்டி பயறு போட்ட அம்மாள் வரிசையில் என்னை அடையாளம் கண்டு கையைப் பிடித்து இழுத்தார். வரிகள் தெரியாவிட்டாலும் கைத்தாளம் தெரிந்திருந்ததால், ஊர்வலம் முடியும் வரை அவர் பக்கத்திலேயே நடந்தேன்.