கண் டாக்டரும் குடியேற்றமும்

ஜான் டான்டன் என்ற பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? மிச்சிகனின் வடக்கே, ஏரிக்கரையில் பெட்டாஸ்கி என்று ஒரு சின்ன ஊர். அங்கே கண் டாக்டர். பொழுதுபோக்கு தேனீ வளர்ப்பு. அமெரிக்காவில் குடியேற்றத்தைக் குறைக்கச் சொல்லும் பெரிய அமைப்புகள் பலவற்றின் பிறப்பிலும் இந்த மனிதரின் கை இருக்கிறது.

தொடக்கம் சுற்றுச்சூழல்தான். காடு, ஏரி, மக்கள்தொகைப் பெருக்கம், குடும்பக் கட்டுப்பாடு. அங்கிருந்து 'வருகிறவர்களைக் குறைத்தால் என்ன?' என்று போய், 1979-ல் குடியேற்றத்தைக் குறைக்கச் சொல்லும் ஃபேர் (FAIR) அமைப்பைத் தொடங்கினார். 1983-ல் ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக்க இன்னொன்று.

அவர் எழுதிய பழைய குறிப்பு ஒன்று 1988-ல் வெளியே கசிந்தது. லத்தீன் அமெரிக்கர்களின் பிள்ளைப்பேறு பற்றி அவர் அதில் எழுதியிருந்ததைப் படித்தால் முகம் சுளிக்கும். ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக்கத் தொடங்கிய அந்த அமைப்பின் தலைவி லிண்டா சாவேஸ் ராஜினாமா செய்தார். அதன் ஆலோசனைக் குழுவிலிருந்து புகழ்பெற்ற டிவி செய்தியாளர் வால்டர் கிராங்கைட்டும் விலகினார்.

எண்ணிக்கை பற்றிய கவலை எந்த இடத்தில் ஆளைப் பற்றிய வெறுப்பாகிறது? எச்1பி விசாவுக்குக் காத்திருக்கும் என் மச்சானிடம் கேட்டால் ஒரு பதில் வரும். சரி, அது தனிக் கதை.

டான்டன் 2019-ல் இறந்தார். அவருடைய காகிதப் பெட்டிகளில் சில மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 2035 வரை முத்திரையிட்டுக் கிடக்கின்றன. அதைத் திறக்கச் சொல்லி வழக்கு வேறு நடந்தது!