49 யூரோ டிக்கட்டும் சித்தப்பாவின் பிளாட்போமும்

சின்ன வயதில் எனக்கு ஜேர்மனி என்றால் சித்தப்பாவின் சூட்கேஸ்தான். திறந்தவுடன் சவர்க்காரமும் சொக்லேட்டும் கலந்த ஒரு வாசம் வரும். அம்மாவுக்கு நீல நிற நிவியா டப்பா, அப்பாவுக்கு சேட்டுத் துணி, எனக்குக் கலர் பென்சில் பெட்டி. அங்கே போய் ஊர் சுற்றிப் பார்க்கலாம் என்று வெள்ளவத்தையில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்து ஜேர்மனிக்குப் போனவர்கள் எல்லோரும் அங்கேயே இருக்கப் போனவர்கள்.

அதனால் 2023 ஜூலையில், முதுகில் பையைப் போட்டுக்கொண்டு மூன்று கிழமை திரிந்துவிட்டு வரப்போகிறேன் என்றதும் அம்மாவுக்குப் புரியவே இல்லை. "ஆற்றை வீட்டில நிக்கப் போறாய்?" என்றார். ஹொஸ்டலில் என்றேன். "காசு குடுத்து ஏன் ஹொஸ்டலில? சித்தப்பா என்ன செத்தா போனார்?"

கூட வந்தவன் ஒபிஸ் நண்பன், கண்டிக்காரன், சிங்களவன். நாங்கள் ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம், அந்தச் சொல் இரண்டு மொழியிலும் இருப்பது எவ்வளவு வசதி. மியூனிக் ஹொஸ்டலில் எட்டுக் கட்டில் அறையில் ஒரு பிரேசில் பெண்ணும் ஒரு கொரியப் பையனும் எங்களோடு ஒட்டிக்கொண்டார்கள், அதற்குப் பிறகு கிட்டத்தட்ட முழுப் பயணமும் நாலு பேர்தான்.

எங்களைச் சேர்த்து வைத்தது அந்த 49 யூரோ டிக்கட். அந்த வருடம் மே மாதம்தான் அறிமுகப்படுத்தியிருந்தார்கள். அப்போது மாதம் 49 யூரோ கட்டினால் நாடு முழுக்க பஸ், ட்ராம், சுரங்க ரயில், பிராந்திய ரயில் எல்லாவற்றிலும் ஏறலாம், வேக ரயிலில் மட்டும் ஏற முடியாது. ஒரு யூரோ முந்நூறு ரூபாய்க்கு மேல் போய்க்கொண்டிருந்த நேரம், வேக ரயிலைப் பற்றி யார் நினைத்தது? ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், அது சந்தா. மாதம் 10ஆம் திகதிக்குள் நிறுத்தாவிட்டால் அடுத்த மாதக் காசையும் எடுத்துவிடுவார்கள். கண்டிக்காரன் 11ஆம் திகதிதான் அதை வாசித்தான். ஓகஸ்டில் கொழும்பில் இருந்துகொண்டு ஜேர்மன் ரயிலுக்குக் காசு கட்டிய ஒரே இலங்கையன் அவனாகத்தான் இருக்க வேண்டும்.

முதல் நாள் ஐஸ்பாக் பார்க்கப் போனோம். நகரத்து நடுவில் ஒரு சின்ன வாய்க்கால், பாலத்துக்குக் கீழே தண்ணீர் சுருண்டு எழும்பி ஒரே இடத்தில் அலையாக நின்றது, அதில் ஆட்கள் சேர்ஃப் பண்ணிக்கொண்டிருந்தார்கள்! இரண்டு கரையிலும் பலகையோடு வரிசையில் நின்று, ஒருவர் விழுந்ததும் அடுத்தவர் குதித்தார். கண்டிக்காரன் அறுகம்பேயில் இரண்டு சீசன் பலகை பிடித்தவன், அரை மணித்தியாலம் வாயைத் திறந்தபடி நின்றான். பாலத்துக்குப் பக்கத்தில் தூண்கள் வரிசையாக நிற்கும் ஒரு நீளமான கட்டடம் இருக்கிறது. அது 1937ல் நாசிகள் தங்களுக்குப் பிடித்த ஓவியங்களைக் காட்டுவதற்காகத் திறந்த மண்டபம் என்று கொரியப் பையன் ஃபோனைப் பார்த்து வாசித்தான். நாங்கள் கையில் ஐஸ்கிரீமோடு அதன் படியில்தான் இருந்தோம்.

அடுத்த நாள் டாஹவ். மியூனிக்கில் இருந்து புறநகர் ரயிலில் அரை மணிக்கும் குறைவு, பிறகு ஒரு பஸ், உள்ளே போக டிக்கட் இல்லை. ஹிட்லர் பதவிக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், 1933 மார்ச் 22ல் நாசிகள் திறந்த வதைமுகாம் இது. முதலில் அடைக்கப்பட்டவர்கள் அரசியல் எதிரிகள். 1945 ஏப்ரல் 29ல் அமெரிக்கப் படை வந்து சேரும்வரை இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானவர்களை அடைத்திருக்கிறார்கள், குறைந்தது 41,500 பேர் செத்திருக்கிறார்கள். "உழைப்பு விடுதலை தரும்" என்று எழுதிய இரும்புக் கதவை 2014ல் யாரோ இரவோடு இரவாகக் கழற்றிக்கொண்டு போய், இரண்டு வருடம் கழித்து அது நோர்வேயில் கிடைத்ததாம். அதைத் திருடி வீட்டில் எங்கே வைப்பான்?

உள்ளே பெரிய வெட்டவெளி, சரளைக்கல். நூறு பேர் நடக்கும் சத்தம் கேட்கிறது, பேச்சுச் சத்தம் இல்லை. கொட்டில்களில் இரண்டைத்தான் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள், மற்றவற்றின் இடத்தில் அடித்தள அடையாளம் மட்டும். கட்டிய கொட்டிலுக்குள் மூன்று அடுக்கு மரக் கட்டில்கள், ஒன்றோடு ஒன்று ஒட்டியபடி. நான் ஃபோட்டோ எடுக்கவில்லை. அன்றிரவு ஹொஸ்டலில் என் மேல் கட்டிலுக்கு ஏற ஏணியில் கால் வைத்தவன் இறங்கிவிட்டேன். கொரியப் பையன் ஒன்றும் கேட்காமல் தன் கீழ் கட்டிலைத் தந்துவிட்டு மேலே ஏறிப் படுத்தான்.

ஆனால் இடையில் ஒன்று நடந்தது, அதையும் மறைக்கக் கூடாது. டாஹவில் இருந்து திரும்பிய அன்று பின்னேரம் நாங்கள் நாலு பேரும் பியர் தோட்டத்துக்குப் போனோம். போவதா விடுவதா என்று ரயிலில் கொஞ்சம் கதைத்தோம், பிறகு பசி வந்துவிட்டது. பவேரியாவில் பியர் தோட்டத்துக்குச் சாப்பாட்டை நாமே கொண்டுபோகலாம், குடிப்பதை மட்டும் அங்கே வாங்க வேண்டும். கண்டிக்காரன் பையிலிருந்து அவன் அம்மா கட்டிக்கொடுத்த சீனிச் சம்பல் போத்தலை எடுத்தான். பிரெட்சலைப் பிய்த்துச் சம்பலில் தொட்டுத் தின்றோம். பிரேசில் பெண்ணுக்குக் கண்ணில் தண்ணீர், இருந்தும் போத்தலை விடவில்லை. நன்றாகச் சிரித்தோம். பிழை மாதிரியும் இருந்தது, பிழை இல்லை மாதிரியும் இருந்தது. செத்த வீட்டில் மூன்றாம் நாள் யாராவது பகிடி விடுவார்களே, அப்படி.

நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே போக டிக்கட் முடிந்துவிட்டது, எதிரே உள்ள பாலத்தில் நெரிபட்டு வெளியே இருந்து பார்த்தோம். கலண்டரில் இருப்பது போலவே இருந்தது.

அங்கிருந்து ஹம் என்ற ஊருக்கு ஐந்து ரயில் மாறி ஒரு முழு நாள். சித்தப்பா அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறார். ஹம் நகரின் ஓரத்தில் தொழிற்பேட்டைக்கு நடுவே காமாட்சி அம்பாள் கோயில் கோபுரத்தோடு நிற்கிறது, 2002ல் கும்பாபிஷேகம் நடந்த கோயில். லொறி யார்டைத் தாண்டித் திரும்பினால் கோபுரம், அதைப் பார்த்ததும் பிரேசில் பெண் போட்ட சத்தம் இருக்கிறதே! தேருக்கு நாங்கள் பிந்திவிட்டோம், அது ஜூனிலேயே முடிந்துவிட்டது. தீர்த்தத் திருவிழாவுக்கு அம்மனைப் பக்கத்துக் கப்பல் கால்வாய்க்குக் கொண்டுபோவார்கள் என்று சித்தப்பா சொன்னார். வெள்ளிக்கிழமைப் பூசை முடிய வடையும் பொங்கலும் கிடைத்தன, கொரியப் பையன் மூன்று தரம் வரிசையில் நின்றான்.

சித்தப்பா கண்டிக்காரனோடு எப்படிப் பழகுவாரோ என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம். 83ல் தமிழருக்கு எதிரான கலவரம் நடந்தபோது அவர் கொழும்பில் வேலையில் இருந்தவர், 84ல் வெளிக்கிட்டவர். கதவைத் திறந்தார், அவனைப் பார்த்தார், "வா மல்லி" (மல்லி என்றால் தம்பி) என்று சிங்களத்தில் ஆரம்பித்தவர் இரவு ஒரு மணிவரை நிறுத்தவில்லை. அவருடைய சிங்களம் 83லேயே நின்றுபோன சிங்களம், சில சொற்களைத் தன் தாத்தாதான் பாவிப்பார் என்று கண்டிக்காரன் பிறகு சொன்னான்.

அன்றிரவுதான் அந்தக் கதையை முதல் தரம் முழுதாகக் கேட்டேன். விமானம் கிழக்கு பேர்லினில் இறங்கியது. கிழக்கு ஜேர்மனி, மேற்கே போகிறவர்களை விசா கேட்டு மறிக்கவில்லை. மேற்கு ஜேர்மனியோ பேர்லின் ஒரே நகரம் என்ற பிடிவாதத்தில் அந்த எல்லையை எல்லையாகவே ஒத்துக்கொள்ளாததால், அந்தப் பக்கத்திலும் கடவுச்சீட்டுப் பார்க்க ஆள் இல்லை. இடையில் இருந்தது ஃப்ரீட்ரிக்ஷ்ட்ராஸ ரயில் நிலையம். அங்கே சோதனையைக் கடந்து மேற்குக்குப் போகும் ரயிலில் ஏறினால் சரி. எத்தனையோ தமிழ்ப் பெடியன்கள் அந்த வழியால்தான் போய் அசூல் (அகதி அடைக்கலம்) அடித்தார்கள். "எங்களுக்கு மதில் ஒரு பக்கம்தான் மதில்" என்றார் சித்தப்பா. பேர்லினுக்குத் திரும்பிப் போனீர்களா என்று கேட்டேன். போகவில்லை. "அந்த பிளாட்போமை ஒரு படம் எடுத்து அனுப்பு தம்பி."

பேர்லினில் எல்லாம் தரையில் இருக்கிறது. பேபல்பிளாட்ஸ் சதுக்கத்தில் கல் தரையில் ஒரு கண்ணாடி, குனிந்து பார்த்தால் கீழே வெள்ளை அறை, சுற்றிலும் வெறும் புத்தக அலுமாரிகள். 1933 மே 10ல் மாணவர்களும் நாசிகளும் அந்த இடத்தில் எரித்த புத்தகங்களுக்காக, ஏறக்குறைய 20,000 புத்தகம் கொள்ளும் அளவுக்கு வெறுமையாக விட்டிருக்கிறார்கள். யாழ்ப்பாண நூலகம் 1981ல் எரிந்தபோது 97,000 என்றேன் நான். கண்டிக்காரன் கண்ணாடியை விட்டு எழும்பவில்லை. "எங்களுக்கு இதைப் படிப்பிக்கவே இல்லை மச்சான்" என்றான் தமிழில். எங்கள் நூலகத்தைத் திரும்பக் கட்டி வெள்ளையடித்திருக்கிறார்கள், அழகாகத்தான் இருக்கிறது. ஒரு அலுமாரியையாவது வெறுமையாக விட்டிருக்கலாம் என்று அன்று தோன்றியது.

பிறகு ஒரு சாதாரணக் குடியிருப்புத் தெருவில் என் செருப்புக்குக் கீழே ஏதோ மினுங்கியது. நடைபாதைக் கல் ஒன்றின் மேல் உள்ளங்கை அகலப் பித்தளைத் தகடு, நாசிகளால் கொல்லப்பட்ட ஒருவரின் நினைவுக்கு. "இங்கே வாழ்ந்தார்" என்று தொடங்கி, பெயர், பிறந்த வருடம், எந்த நாள் கொண்டுபோனார்கள், எங்கே கொன்றார்கள். குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் 1992ல் தொடங்கியது, நாங்கள் போவதற்கு இரண்டு மாதம் முன்புதான் ஒரு இலட்சமாவது கல் பதிக்கப்பட்டதாம். பெயரை மிதித்துவிட்டேன் என்று தெரிந்ததும் கை தானாகக் கீழே போய், கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. புத்தகத்தில் கால் பட்டால் செய்வோமே, அதே பழக்கம். பிரேசில் பெண் என்ன அது என்று கேட்டாள், சொன்னேன். மியூனிக்கில் இந்தக் கற்கள் ஏன் கண்ணில் படவில்லை என்று பிறகுதான் தேடிப் பார்த்தேன். இறந்தவர்களின் பெயர் காலடியில் மிதிபடக் கூடாது என்று அங்குள்ள யூத சமூகத் தலைமையே எதிர்த்ததாம், நகரசபையும் பொது நடைபாதையில் பதிக்க விடவில்லை. எனக்கு இரண்டு பக்க நியாயமும் விளங்கியது.

அது ஜூலைக் கடைசி, 83க்கு நாற்பது வருடம் ஆன கிழமை. அந்தத் தெருவில் நின்றபடியே அம்மாவுக்கு ஃபோன் அடித்தேன். நம் பழைய வீட்டு இலக்கம் என்ன என்று கேட்டேன். உடனே சொன்னார், யோசிக்கவே இல்லை. பிறகு அவரே தொடர்ந்தார், தையல் மெசினின் இரும்பு மட்டும் மிஞ்சியதாம், பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியில் அகதியாகப் பன்னிரண்டு நாளாம், பிறகு காங்கேசன்துறைக்குக் கப்பலாம். அந்த இடத்தில் இப்போது எட்டு மாடி ஃபிளாட், கீழே ஒரு ஃபோன் கடை. அங்கேதான் நான் ரீலோட் போடுவது. "ஏன் இப்ப கேக்கிறாய்? சாப்பிட்டியா?" என்றார்.

கடைசி நாள் நாலு பேரும் ஃப்ரீட்ரிக்ஷ்ட்ராஸவுக்குப் போனோம். பக்கத்தில் கண்ணீர் மாளிகை என்று பேர் வைத்த பழைய எல்லை மண்டபம், இப்போது அருங்காட்சியகம், மேற்குக்குப் போகிறவர்களைக் கிழக்கில் இருந்தவர்கள் அழுது வழியனுப்பிய இடம். மேலே பிளாட்போமில் ரயில்கள் இரண்டு நிமிடத்துக்கு ஒன்று வந்தன. கண்டிக்காரன் என்னை நிறுத்திப் பெயர்ப் பலகையோடு படம் எடுத்தான், சித்தப்பாவுக்கு அனுப்பினோம். பிளேனுக்குப் போகும் வழியில் பதில் குரலில் வந்தது.

"தம்பி, இது இல்லை. நான் ஏறினது கீழ, நிலத்துக்கு அடியில. இவ்வளவு வெளிச்சமும் இருக்கேல்லை. சரி விடு, நீ அடுத்த முறை வரேக்க நானே வந்து காட்டுறன். அந்த மல்லியையும் கூட்டிக்கொண்டு வா."