டெலிகிராம் பாட்: கட்டளை போட்டது உண்மையில் யார்?

டெலிகிராமில் கட்டளை போட்டால் தானாக இயங்கும் நிரல்தான் பாட். அதன் நிர்வாகியை யூசர்நேம் பார்த்து அடையாளம் காண்பதுதான் முதல் பாதுகாப்பு ஓட்டை. அவர் பெயரை மாற்றினால், விட்ட பெயரை வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம். அதிகாரமும் கூடவே போகும். மாறாத எண் ஐடியைத்தான் ஒப்பிட வேண்டும். அதிலும் ஒரு கண்ணி: பெயர் மறைத்து எழுதும் குழு நிர்வாகிகள் எல்லோருக்கும் 1087968824 என்ற ஒரே ஐடிதான் வரும். அதை அனுமதிப் பட்டியலில் சேர்த்தால், உங்கள் பாட்-ஐத் தன் குழுவில் இழுத்துப்போடும் எவரும் உங்களுக்கு நிர்வாகிதான்!

கட்டளை போட்டவரைச் சோதித்துவிட்டு, அந்தக் கட்டளைக்குப் பாட் காட்டும் ‘உறுதிசெய்’ பட்டனைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குழுவில் அதை யாரும் அழுத்தலாம். அழுத்தியவரின் ஐடியையும் பாருங்கள்.

வெப்ஹூக் முகவரி (செய்திகளை டெலிகிராம் உங்கள் சர்வருக்கு அனுப்பும் இணைய முகவரி) கசிந்தால், எந்த ஐடியையும் போட்டுப் போலி ஜேசன் (செய்தி வரும் தரவு வடிவம்) எவரும் அனுப்பலாம். அந்த முகவரியைப் பதிவுசெய்யும் செட்வெப்ஹூக் (setWebhook) அழைப்பில் சீக்ரெட் டோக்கன் (ரகசியச் சொல்) கொடுங்கள், 256 எழுத்து வரை போகலாம். ஒவ்வொரு கோரிக்கையின் ஹெடரிலும் (தலைப்புப் பகுதியிலும்) அது வர வேண்டும், வராவிட்டால் 403 (அனுமதி இல்லை) என்று மறுத்துவிடுங்கள்.