நடக்காத ஒன்றுக்கு ஓர் அறிக்கை

விமானத்தின் எஞ்சின் எண்ணெயும், பிரேக், சக்கரங்கள் போன்றவற்றை இயக்கும் ஹைட்ராலிக் திரவமும் ஒரே தட்டில், அருகருகே இருந்தன. டப்பாக்கள் ஏறக்குறைய ஒரே அளவு. ஊற்றிப் பார்த்தால் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். ஹைட்ராலிக் திரவம் ஊதா, எண்ணெய் தேன் நிறம். ஆனால் மங்கிய வெளிச்சத்தில், அவசரத்தில், நிறத்தை யார் பார்க்கிறார்கள்? மாறிப்போனால் எஞ்சினுக்குள் கசிவைத் தடுக்கும் சீல்கள் ஊறிக் கெட்டுவிடும்.

வெளியூரில் விமானப் பராமரிப்பு வேலை எனக்கு. அன்றிரவு முதலில் படம் எடுத்தேன், பிறகு டப்பாக்களைப் பிரித்து வைத்தேன், ஷிப்ட் பொறுப்பாளரிடமும் சொன்னேன். "மாற்றி வைத்துவிட்டாயே, அப்புறம் என்ன?" என்றார். விடுமுறைக்கு மார்த்தாண்டம் வந்து, இதை அறிக்கையாக எழுத நிறுவனத்தின் பாதுகாப்புப் படிவத்தைத் திறந்தபோது, கூட வேலை செய்யும் தக்கலைக்கார அண்ணனும் அதையேதான் சொன்னார்: "ஒன்றும் நடக்கவில்லையே மக்கா, எதற்கு வம்பு?"

விபத்து என்றால் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மயிரிழையில் தப்பியவை பெரும்பாலும் நாமாக எழுதினால்தான் வெளியே வரும். 1974 டிசம்பரில் வாஷிங்டன் அருகே, எப்போது தாழ இறங்கலாம் என்ற குழப்பத்தில் ஒரு விமானம் மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். அதற்கு ஆறு வாரங்களுக்கு முன் வேறொரு நிறுவனத்தின் விமானம் அதே குழப்பத்தில் சிக்கித் தப்பியிருந்தது. அந்தச் செய்தி அந்த நிறுவனத்தின் வாசலைத் தாண்டவில்லை. 1976இல் அமெரிக்காவில் நாசா நடத்தும் அறிக்கை முறை வந்தது. அங்கே பெயர் உள்ள துண்டைக் கிழித்து எழுதியவருக்கே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

எங்கள் படிவத்தில் பெயர் கட்டாயமில்லை. நான் பெயரை எழுதினேன், பெயரில்லாத தாளிடம் யாரும் சந்தேகம் கேட்க முடியாது.

பாதுகாப்புப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தபோது தொடுவெட்டிச் சந்தையில் நின்றுகொண்டிருந்தேன். மீன்கார அக்கா சாளையை எடைபோட்டு நீட்டியபடி முறைக்கிறார். மறுமுனையில் கேள்வி மேல் கேள்வி. விளக்கு எங்கே இருந்தது? டப்பாவின் எழுத்து எந்தப் பக்கம் திரும்பியிருந்தது? கிடங்கிலிருந்து இரண்டும் ஒரே வண்டியிலா வருகின்றன? யார் வைத்தது என்று மட்டும் கேட்கவே இல்லை. எனக்கு நம்பிக்கை வந்தது அங்கேதான்.

இப்போது இரண்டுக்கும் தனித்தனி அலமாரி. ஒன்றின் கதவில் ஊதாப் பட்டை. எல்லா ஷிப்டுக்கும் போன சுற்றறிக்கையில் என் வாக்கியங்கள் இருந்தன, பெயர் இல்லை. விளக்கை மட்டும் இன்னும் மாற்றவில்லை. அதற்குத் தனியாக ஒரு படிவம் போட்டிருக்கிறேன்.