அரமும் வெள்ளி ராடும்: முதல் ஸ்டீல் சைக்கிள் ஃப்ரேம் நாட்குறிப்பு

ஜனவரி 6, 2024, சனி

இன்று படம் மட்டும். ப்ளைவுட் பலகையில் சார்ட் தாள் ஒட்டி, ஃப்ரேமை முழு அளவில் வரைந்தாயிற்று. சீட் ட்யூப் (சீட்டைத் தாங்கும் குழாய்) 540 மி.மீ., டாப் ட்யூப் (மேல் குறுக்குக் குழாய்) 550 (இரண்டும் மையத்திலிருந்து மையம்), ஹெட் ட்யூபின் (ஹேண்டில் தண்டு நிற்கும் முன் குழாய்) சாய்வான ஹெட் கோணமும் சீட் கோணமும் 73 டிகிரி, செயின்ஸ்டே (பெடல் அச்சிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் குழாய்) 425. சக்கர அச்சுக்கோட்டிலிருந்து பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு உட்காரும் இடம்) 70 மி.மீ. கீழே.

போர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) கடையில் வாங்கியது. அதன் உயரத்தையும் முன்வளைவையும் அளந்த பிறகுதான் கோடு போட வேண்டும். இதன் வளைவு 45 மி.மீ. 28 மி.மீ. டயருடன் ட்ரெயில் (ஹெட் ட்யூபின் சாய்வுக்கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) சுமார் 57 வருகிறது. ஹெட் கோணம் ஒரு டிகிரி சரிந்து 72 ஆனால் அதே போர்க்குடன் ட்ரெயில் 63 ஆகிவிடும், ஹேண்டில் கனக்கும். தாளில் அரை டிகிரிக்குக் கூட விட்டுக்கொடுக்காமல் இருப்பது இதனால்தான்.

முதல் ஃப்ரேமுக்கு லக் (ட்யூப் முனைகள் நுழைந்து சேரும் வார்ப்பு உறை) வைத்த வேலையே நல்லது. மூட்டை லக் பிடித்துக்கொள்கிறது, வெள்ளி ராடு (வெள்ளி கலந்த பற்றவைப்புக் கம்பி) 650 டிகிரி சுற்றுவட்டாரத்திலேயே உருகி ஓடுகிறது, மெல்லிய ட்யூப் வெந்துபோகும் ஆபத்து குறைவு. ஆனால் லக்கின் கோணம் வார்ப்பிலேயே முடிவானது. ஒரு டிகிரிக்கு மேல் வளைக்கப் பார்த்தால் வாய் விரிந்து இடைவெளி விழும். எனவே லக் செட்டை வாங்கி, கோணத்தை அளந்து, அதற்கேற்பப் படம் வரைவதுதான் முறை.

ஜனவரி 7, ஞாயிறு

ட்யூப் எல்லாம் க்ரோமோலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த ஸ்டீல்). டாப் ட்யூப் 25.4, டவுன் ட்யூபும் சீட் ட்யூபும் 28.6, ஹெட் ட்யூப் 31.8. சுவர்த் தடிமன் முனைகளில் 0.9, நடுவில் 0.6. பர்மிங்காமில் ரெனால்ட்ஸ் 1897-இல் காப்புரிமை எடுத்த வழி இது: பற்றவைக்கும் இடத்தில் தடிப்பு, மற்ற இடத்தில் மெலிவு. வெளிப்பக்கம் ஒரே சீராக இருப்பதால் தடிப்பு எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. ட்யூபுடன் வரும் அளவுத்தாளைப் பார்த்து மார்க்கரால் வளையம் போட்டுக்கொள்ள வேண்டும்.

நீளமான தடித்த முனையிலிருந்துதான் வெட்டிக் கழிக்க வேண்டும். லக்கின் நுனியைத் தாண்டியும் 30 மி.மீ. அளவுக்காவது தடித்த பகுதி மிஞ்சினால் நிம்மதி. சீட் ட்யூபுக்கு ஒரு முனைதான் தடிப்பு, அது கீழே போக வேண்டும். தலைகீழாக வைத்துவிட்டால் 27.2 சீட் போஸ்ட் நுழையாது. பற்றவைத்த பிறகு அதற்கு மருந்தே இல்லை.

ஜனவரி 14, ஞாயிறு

காலையிலிருந்து அரம்தான்.

டாப் ட்யூபின் நீளம் 550 என்று படத்தில் இருந்தாலும் அது அச்சிலிருந்து அச்சு. ஹெட் ட்யூபின் ஆரம் 15.9, சீட் ட்யூபின் ஆரம் 14.3. 73 டிகிரிச் சாய்வில் இவை 16.6, 15 என்று கூடும். இரண்டையும் கழித்தால், ஒரு மைட்டரின் (அடுத்த ட்யூபின் வளைவில் பொருந்தும்படி முனையில் வெட்டும் வாய்) பள்ளத்திலிருந்து மறு மைட்டரின் பள்ளம் வரை 518.4 மி.மீ. ஆக்ஸா பிளேடால் 2 மி.மீ. தள்ளியே அறுத்து, மிச்சத்தை அரைவட்ட அரத்தால் இறக்கினோம்.

இரண்டு முனை மைட்டரும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். 25.4 ட்யூபின் சுற்றளவே 80 மி.மீ. தான். வார்ப்புத்தாள் (மைட்டரின் வடிவம் வரைந்து ட்யூபில் ஒட்டும் தாள்) 1 மி.மீ. நகர்ந்து ஒட்டினால் நாலரை டிகிரி முறுக்கு. எல்-ஆங்கிளைக் கவிழ்த்து ட்யூப் மேல் வைத்தால் அது தானாக அச்சுக்கு இணையாக உட்காரும். அதன் ஓரமாகக் கீறிய கோட்டில்தான் இரண்டு தாளும் ஒட்ட வேண்டும்.

அரைவட்ட அரத்தின் வளைவு 31.8-க்கு ஒத்துப்போவதில்லை. கடைசி இழைப்புக்கு, வேறொரு 31.8 துண்டில் 80-ஆம் நம்பர் உப்புத்தாளைச் சுற்றி, கோணம் மாறாமல் தேய்க்க வேண்டும். பிறகு ஹெட் ட்யூபோடு சேர்த்துப் பிடித்து, பின்னால் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். நடுவில் முடியிழைபோல் ஒளி தெரிந்தால் இரு காதும் (மைட்டரின் பக்க நுனிகள்) முட்டுகின்றன. காதோரம் ஒளி தெரிந்தால் பள்ளம் போதவில்லை. ஒளி முழுக்க அடையும் வரை நாலைந்து இழுப்பு, மறுபடி பார்வை. ஒரு முனைக்கு ஒன்றரை மணி நேரம் போனது.

லக் உள்ளே மறைந்துவிடுமே, மைட்டர் எதற்கு இவ்வளவு சுத்தம் என்று கேட்பவர்கள் உண்டு. சாலையின் அதிர்ச்சி ட்யூப் முனையிலிருந்து ஹெட் ட்யூபுக்கு நேராக இறங்க வேண்டும். முனை முட்டாத மூட்டில் அந்தப் பாரம் முழுவதையும் லக்கின் மெல்லிய ஓரம் சுமக்கும், விரிசல் அங்கேதான் தொடங்கும்.

ஜனவரி 16, செவ்வாய்

டவுன் ட்யூபும் சீட் ட்யூபும் முடிந்தன. லக்கின் உட்புறத்தையும் அரத்தால் சரிசெய்தாயிற்று. 28.6 ட்யூபுக்கு லக் 28.7 முதல் 28.8 வரை இருந்தால் வெள்ளி தந்துகி இழுப்பில் ஓடும். கையால் தள்ளினால் போக வேண்டும், விட்டால் தானாக நழுவக் கூடாது.

காற்றுத் துளையை மறந்துவிடக் கூடாது. டாப் ட்யூப் மூடிக்கொள்ளும் இடத்தில் ஹெட் ட்யூபிலும் சீட் ட்யூபிலும் 3 மி.மீ. துளை. அடைபட்ட காற்று சூட்டில் விரிந்தால் உருகிய வெள்ளியை ஊதி வெளியே தள்ளும், மூட்டில் ஊசித்துளை விழும்.

ஜனவரி 20, சனி

ஃப்ரேமைத் தொடும் முன் ஒத்திகை: மூன்று மாதிரி மூட்டுகள். ஆக்ஸிஜனும் எல்பிஜியும், வணிக சிலிண்டர், இரண்டு குழாயிலும் ஃப்ளாஷ்பேக் அரெஸ்டர் (தீ குழாய்க்குள் திரும்பாமல் தடுப்பது). ஆக்ஸிஜன் ரெகுலேட்டர் மரையில் கிரீஸோ எண்ணெயோ ஒரு பொட்டுகூடப் படக் கூடாது, தீப்பிடிக்கும். ராடு வாங்கும்போது காட்மியம் இல்லாததா என்று கேட்டு வாங்க வேண்டும். காட்மியப் புகை நுரையீரலைக் கெடுக்கும், ஆளையே கொல்லும். வெள்ளிக்கான ஃப்ளக்ஸில் (மூட்டில் துரு படியாமல் காத்து வெள்ளியை ஓடவிடும் பசை) ஃப்ளூரைடு இருப்பதால் கதவு ஜன்னல் திறந்து, ஃபேன் புகையை முகத்திலிருந்து விலக்கும்படி வைத்துத்தான் வேலை.

மூன்றையும் நீளவாக்கில் அறுத்துப் பார்த்தோம். முதலாவதில் வெள்ளி பாதி வழியில் நின்றுவிட்டது. லக்கின் ஓரத்திலேயே தீயை நிறுத்தியதால் ஃப்ளக்ஸ் கருகியிருந்தது, கருகிய ஃப்ளக்ஸ் மேல் வெள்ளி ஓடாது. இரண்டாவது முழுக்க நிறைந்திருந்தது. மூன்றாவதில் ஒரு பக்கம் கட்டைவிரல் அகல வெற்றிடம். அசிட்டோனால் துடைத்த பின் அந்த இடத்தைத்தான் வெறுங்கையால் பிடித்திருக்கிறது.

ஜனவரி 21, ஞாயிறு

சீட் ட்யூபை பிபி (பாட்டம் பிராக்கெட்) ஷெல்லில் பற்றவைத்த நாள்.

ஷெல் கனம், ட்யூப் மெலிவு. தீ முக்கால் பங்கு ஷெல்லுக்கு. முதலில் ஃப்ளக்ஸ் குமிழியிட்டு வெள்ளைப் பொருக்காகும். கொஞ்சம் பொறுத்தால் பொருக்கு இளகி, பிறகு சட்டென்று தண்ணீர்போல் தெளியும். அப்போது சூடு 600-ஐ எட்டிவிட்டது. அடுத்த சில நொடியில் இரும்பில் மங்கிய சிவப்பு படரும், ராடின் நுனியை லக் ஓரத்தில் தொட வேண்டியது இப்போதுதான். தீ ராடை உருக்கக் கூடாது, இரும்பின் சூடுதான் உருக்க வேண்டும். சூடு எங்கேயோ அங்கேதான் வெள்ளி போகும். மேல் ஓரத்தில் ஊட்டி, தீயை மெல்லக் கீழே நகர்த்தினால் ஷெல்லின் உட்புறத்தில் பளிச்சென்று ஒரு வெள்ளி வளையம் வந்து நிற்கும். அந்த வளையம் முழுசாகச் சுற்றி வந்தால்தான் மூட்டு நிறைந்தது.

தண்ணீரில் முக்கிக் குளிரவைக்கக் கூடாது, தானாக ஆற வேண்டும். ஆறிய பின் வெந்நீரில் அரை மணி ஊறவைத்தால் கண்ணாடிபோல் இறுகிய ஃப்ளக்ஸ் கழன்றுவிடும்.

ஜனவரி 26, வெள்ளி

முன் முக்கோணம். ஃப்ரேமைப் பிடித்து நிறுத்தும் ஜிக் இல்லை. ஸ்ட்ரெயிட் எட்ஜ் வைத்துச் சோதித்து எடுத்த கருங்கல் பலகையில், லேத்தில் கடைந்து வாங்கிய கட்டையில் ஷெல்லை நிறுத்தி எல்லாவற்றையும் கோத்தோம். ஒவ்வொரு லக்கிலும் 2 மி.மீ. துளையிட்டு ஆணித் துண்டை அடித்துப் பூட்டிய பிறகு, பலகையிலிருந்து எடுத்து வைஸில் தளர்வாகப் பிடித்துப் பற்றவைத்தோம். இறுக்கிக் கட்டிய ஃப்ரேம் சூட்டில் நகர இடமில்லாமல் இழுவிசையை உள்ளே வைத்துக்கொள்ளும், அவிழ்த்ததும் கோணிக்கொள்ளும்.

ஜனவரி 28, ஞாயிறு

கோட்டம் பார்த்தோம். ஷெல் முகத்தோடு ஒப்பிட்டால் சீட் ட்யூபின் மேல் நுனி 0.8 மி.மீ. செயின் பக்கம் சாய்ந்திருந்தது. கடைசியாகச் சூடு பட்ட பக்கம் அது. கட்டையில் நிறுத்திக் கையால் நெம்பியதில் சரியானது.

பிப்ரவரி 3, சனி

பின் பகுதி. ட்ராப்அவுட்டை (பின்சக்கர அச்சு உட்காரும் தகடு) ஸ்டேயின் பிளவில் பித்தளையால் ஏற்கெனவே பற்றவைத்தாயிற்று. அங்கே இடைவெளி பெரிது, நிரப்ப வெள்ளி உதவாது. பித்தளைக்கு 900 டிகிரி அளவு சூடு வேண்டியிருப்பதால், வெள்ளி படும் முன்னரே அந்த வேலை முடிந்துவிட வேண்டும்.

ட்ராப்அவுட் இடைவெளி 130 மி.மீ. ஒரு பக்கம் 1 மி.மீ. மேலே போனால் ரிம்மின் உச்சி 2.4 மி.மீ. ஓரம் போகும். ப்ரேக் பாலத்தின் கீழ் அது அப்பட்டமாகத் தெரியும். சரிபார்க்க எளிய வழி நூல்: ஒரு ட்ராப்அவுட்டிலிருந்து ஹெட் ட்யூபைச் சுற்றி மறு ட்ராப்அவுட் வரை இழுத்துக் கட்டி, நூலுக்கும் சீட் ட்யூபுக்கும் உள்ள இடைவெளியை இருபுறமும் வெர்னியரால் அளந்தோம். இடம் 38.2, வலம் 38.6. கோட்டம் எடுத்த சக்கரத்தைத் திருப்பிப் போட்டும் பார்த்தோம், ரிம் அதே இடத்தில் நின்றது.

பிப்ரவரி 10, சனி

சூட்டில் ஷெல் சற்று நசுங்கியிருந்ததால் மரையை மறுபடி டேப் (மரை வெட்டும் கருவி) போட்டோம். 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை, செயின் பக்கம் இடப்புரி. டேப்பை மாற்றி நுழைத்தால் ஷெல் பாழ், இதனால் இரண்டு டேப்பிலும் பெயின்ட் புள்ளி. முகத்தைச் சீவி அகலம் 68. சீட் ட்யூபின் உட்புறத்தை 27.2-க்குச் சீராக்க ரீமர் விட்டோம்.

எடை 1.94 கிலோ. செலவான வெள்ளி ராடு 42 கிராம். காற்றுத் துளைகள் வழியாகக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை ஊற்றி, ஃப்ரேமை எல்லாப் பக்கமும் புரட்டி, வழிந்ததை வடித்துத் தொங்கவிட்டிருக்கிறது. எண்ணெய் உலர்ந்ததும் வெளிப்புறத்தைத் தின்னரால் துடைத்து ப்ரைமர்.